செய்ந்நன்றி மறக்கவேண்டிய இடம்

நன்றி கெட்டவன் என்பது எமது ஊர்களில் சாதாரண வசையல்ல. வாங்கிய கடனைத் திருப்பாதவனுக்குக்கூட ஏதாவது சாட்டுச் சொல்லி மன்னித்துவிடுவோம். கைதூக்கி விட்டவனை மறந்தவனுக்கு மன்னிப்பில்லை. மனிதருக்கு நன்றி பாராட்டாதவன் இறைவனுக்கும் நன்றி பாராட்டாதவன் என்ற கருத்துள்ள நபிமொழியை ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தோம். பள்ளிக்கூடத்திலோ செய்ந்நன்றி அறிதலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருப்பதைப் படித்தோம். இப்படி இரண்டு பக்கத்தாலும் ஊட்டி வளர்க்கப்பட்ட ஒரு பண்பு, ஓர் ஆசனத்தில் ஏறி அமர்ந்ததும் குற்றமாக மாறிவிடுகின்றது. அந்த ஆசனம் நீதிபதியுடையது.

எமது நாட்டில் உயர் நீதிமன்றத்துக்கு நீதியரசரை நியமிப்பவர் ஜனாதிபதி. அதே ஜனாதிபதியின் அரசாங்கம் செய்த காரியமொன்று சட்டப்படி சரியா, பிழையா என்று தீர்க்கவேண்டிய வழக்கு நாளை அதே நீதியரசரின் முன்னால் வருகின்றது. சந்தியில் நின்று கதைப்பவர்கள் தீர்ப்பு வருமுன்னரே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள்: “அவர் போட்ட ஆள்தானே!” சட்டம் படித்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. எனக்கென்னவோ, இந்தச் சந்திப் பேச்சுக்குள் பெரிய சட்டப் புத்தகங்கள் தொடாமல் விட்ட ஒரு கேள்வி இருப்பதாகவே படுகின்றது.

நீதிபதி ஒரு வழக்கிலிருந்து எப்போது விலகவேண்டும் என்பதற்கு நவீன சட்டத்திடம் நல்ல விடைகள் இருக்கின்றன. வழக்கின் முடிவால் அவருக்குப் பண இலாபமோ நட்டமோ இருந்தால் விலகவேண்டும். உறவினர் வழக்காளியாக வந்தால் விலகவேண்டும். அதே விவகாரத்தில் முன்னர் சட்டத்தரணியாக நின்றிருந்தால் விலகவேண்டும். சிலி நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேயின் வழக்கு 1998இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் நீதியரசர்களிடம் வந்தது. சர்வதேச மன்னிப்புச் சபை அவ்வழக்கில் ஒரு தரப்பாக இணைந்திருந்தது. தீர்ப்பளித்த ஐவரில் ஒருவரான ஹொஃப்மன் பிரபு, அச்சபையோடு சேர்ந்த அறக்கட்டளை நிறுவனமொன்றின் பணிப்பாளராக இருந்தார் என்பது பிறகுதான் வெளிவந்தது. அவர் பக்கம் சாய்ந்தார் என்று எவரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தத் தொடர்பு ஒன்றே போதுமென்று, அதே சபையின் வேறு நீதியரசர்கள் கூடித் தமது சபையின் தீர்ப்பையே ஒதுக்கி வைத்தார்கள்.

அமெரிக்காவில் 1974 ஜூலை 24ஆந் திகதி, வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் கையளிக்கவேண்டும் என்று ஜனாதிபதி நிக்ஸனுக்கு எதிராக உயர் நீதிமன்றம் எட்டுக்குப் பூச்சியம் என்று தீர்ப்பளித்தது. எட்டுப்பேரில் மூவர் நிக்ஸனே நியமித்தவர்கள். ஒன்பதாமவரான றென்குவிஸ்டும் அவர் நியமித்தவர்தான். ஆனால் அவர் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். ஏன் விலகினார் என்பதுதான் கவனிக்கத் தக்கது. நிக்ஸன் தன்னை நியமித்தார் என்பதற்காக அல்ல. நிக்ஸனின் நீதித் திணைக்களத்தில் முன்னர் வேலை பார்த்தார் என்பதற்காக. ஒரு திணைக்களத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தது முரண்பட்ட நலனாகிறது. வாழ்நாள் முழுவதும் வகிக்கும் பதவியையே தந்தது முரண்பட்ட நலனாகவில்லை! சட்டம் ஏன் இதைக் கண்டுகொள்வதில்லை? விடை எளிது. நியமனத்தை முரண்பட்ட நலனாகக் கணக்கெடுத்தால் வழக்கைக் கேட்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். எல்லோரும் யாரோ ஒருவரால் நியமிக்கப்பட்டவர்களே. ஆகவே இந்த ஒரு கடனிலிருந்து மட்டும் விலகிக்கொண்டு தப்ப முடியாது. அதைச் சுமந்துகொண்டே ஆசனத்தில் இருக்கவேண்டும்; சுமந்துகொண்டே அதை மறக்கவும் வேண்டும்.

இது மனிதருக்குச் சாத்தியமா என்பதற்கு எமது நாட்டின் கடந்த ஐம்பது வருட வரலாறு ஒற்றை விடை தரவில்லை.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பதவிக்கு வந்ததும் நெவில் சமரக்கோன் பிரதம நீதியரசராக்கப்பட்டார். நீதித்துறையில் படிப்படியாக ஏறி வந்தவரல்ல. தனியார் வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேரே தலைமை ஆசனத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். புதிய தலைவருக்கு வேண்டியவர் என்றே ஊர் பேசியது. மறு வருடம் 1978 செப்டம்பர் 7ஆந் திகதி புதிய அரசியலமைப்பு அமுலுக்கு வந்தபோது உயர் நீதிமன்ற நீதியரசர்கள் எல்லோரும் பதவியிழந்து, வேண்டப்பட்டவர்கள் மட்டும் மீண்டும் நியமனம் பெற்றார்கள். யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்பதைப் பார்த்தபடி மற்றவர்கள் ஆசனத்தில் அமர்ந்தார்கள். ஆனால் சமரக்கோன் சந்திப் பேச்சைப் பொய்யாக்கினார். அவரது காலத்து நீதிமன்றம் 1983இல் பொலிஸாருக்கு எதிராக அடிப்படை உரிமைத் தீர்ப்புகளை வழங்கியது. மீறல் நிரூபணமான அதிகாரிகளுக்கு அரசாங்கம் பதவியுயர்வு கொடுத்தது. நீதியரசர்களின் வீடுகளின் முன்னால் குண்டர்கள் கூடி ஏசிவிட்டுப் போனார்கள். 1984 மார்ச் மாதத்தில் டியூட்டரியொன்றின் பரிசளிப்பு விழாவில் சமரக்கோன் ஜனாதிபதியைத் தாக்கிப் பேசினார். அதற்காக அவருக்கு எதிராகப் பாராளுமன்றத் தெரிவுக்குழு அமைக்கப்பட்டது. அதே வருடம் அவர் ஓய்வுபெற்றுப் போனார். பரிசளிப்பு மேடையில் பிரதம நீதியரசர் அரசியல் பேசலாமா என்பது வேறு கேள்வி. பேசியிருக்கக் கூடாதென்பதே என் எண்ணம். ஆனால் நன்றிக்கடன் ஒரு மனிதரை எப்போதும் கட்டிப்போடும் என்று அடித்துச் சொல்பவர்களுக்கு சமரக்கோன் ஒரு முள்.

அப்படியானால் நியமித்தவருக்கு எதிராகத் தீர்ப்பளிப்பதுதான் நடுநிலையின் அடையாளமா? சரத் என். சில்வாவின் காலத்தைப் பார்த்தால் அப்படியும் சொல்ல முடியவில்லை. சட்டமா அதிபராக இருந்த அவரை 1999 செப்டம்பரில் சந்திரிகா குமாரதுங்க பிரதம நீதியரசராக்கினார். மூத்தவரும் தீர்ப்புகளால் மதிக்கப்பட்டவருமான மார்க் பெர்னாண்டோ தாண்டிச் செல்லப்பட்டார். சில்வாவைச் சட்டத்தரணிகள் பட்டியலிலிருந்தே நீக்கக் கோரும் மனுக்கள் அதே நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த நேரம் அது! எந்த வழக்கை எந்த நீதியரசர்கள் கேட்பது என்று தீர்மானிப்பவர் பிரதம நீதியரசர். வெளியே தெரியாத இந்த அதிகாரத்தை நான் தீர்ப்பெழுதும் அதிகாரத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். முக்கியமான அரசியலமைப்பு வழக்குகளில் மார்க் பெர்னாண்டோவைக் காண்பது அருகிப்போனது என்ற விமர்சனம் அந்நாட்களில் பலமாக எழுந்தது. 2004இல் அவர் காலத்துக்கு முந்தியே ஓய்வுபெற்றார்.

2005 ஓகஸ்டில், சந்திரிகாவின் பதவிக்காலம் அவர் வாதாடியதுபோல 2006இல் அல்ல, 2005இலேயே முடிகிறது என்று சில்வாவின் தலைமையிலான குழாம் தீர்த்தது. நியமித்தவரின் நாற்காலியையே நியமனம் பெற்றவர் இழுத்தெடுத்தார். இதைக் கேள்விப்படும் வெளிநாட்டார் கைதட்டக்கூடும். ஆனால் அதற்கடுத்த மாதமே, ஜனாதிபதி வேட்பாளராக இருந்த பிரதமர் மஹிந்த ராஜபக்ஷவுக்கு எதிரான சுனாமி நிதி விசாரணையை — ‘ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை’ விவகாரம் என்று பெயர்பெற்றது — நீதிமன்றம் இடைநிறுத்தியது. நவம்பரில் அவர் இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஜனாதிபதியானார். 2006இல் இறுதித் தீர்ப்பும் அவருக்குச் சாதகமாகவே வந்தது. 2014இல், அப்போது ஓய்வுபெற்றிருந்த சரத் சில்வா அந்தத் தீர்ப்புக்காகப் பொதுமக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அந்த மன்னிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டேயிருக்கிறேன். ஒரு தீர்ப்பு சட்டப் பிழையாக இருந்திருந்தால் அதற்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கமில்லை. பின்னால் வரும் நீதிமன்றம் அதைத் திருத்தும், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவேண்டி வந்ததென்றால் பிழை சட்டத்தில் இல்லை என்றாகிறது. பழைய எசமானை விட்டுப் புதிய எசமானிடம் போகிறவனும் பழைய எசமானுக்கு நன்றி மறக்கத்தான் செய்கிறான். நன்றி மறத்தல் நடுநிலைக்கு வேண்டிய ஒன்றுதான். ஆனால் அது மட்டும் போதாது.

இங்கே எம்மவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியாகவேண்டும். 2006 ஒக்டோபர் 16ஆந் திகதி, இதே சரத் சில்வாவின் குழாம் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மனுதாரர்களில் கிழக்கு முஸ்லிம் ஒருவரும் இருந்தார். இணைந்த மாகாணத்தில் அடிபட்டும் அகதியாகியும் நொந்திருந்த எம்மவர் பலர் அந்தத் தீர்ப்பைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த நோவுக்கு நியாயம் இருந்தது. ஆனால் அன்று எம்மில் எத்தனை பேர் அந்தப் பிரதம நீதியரசரின் நியமனத்தைப் பற்றியோ, ‘ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை’யைப் பற்றியோ கேள்வி எழுப்பினோம்? பின்னர் 2009 ஜூன் மாதம், அவர் ஓய்வுபெறுவதற்குச் சில நாட்கள் இருக்க, இன்னொரு தீர்ப்பு வந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் நிதியில் கட்டப்பட்ட 500 வீடுகள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. தீகவாபி விகாரையின் புனித பூமி பாதிக்கப்படுகின்றதென்று எல்லாவல மேதானந்த தேரர் முதலியோர் தொடுத்த அவ்வழக்கில், பயனாளிகளுக்குச் செய்யப்பட்ட ஒதுக்கீடு செல்லாது என்று தீர்க்கப்பட்டது. கடலால் வீடிழந்த மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, வீடுகள் வருடக்கணக்காகப் பற்றை மூடிக் கிடந்தன. உடனே எமது மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நீதித்துறை பக்கச்சார்பாகி விட்டதென்ற குரல் எழுந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னர் எமக்கு அருளாளராகத் தெரிந்தவர் இப்போது இனவாதியாகத் தெரிந்தார். நுரைச்சோலைத் தீர்ப்பு அநியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தீர்ப்பு எங்களுக்குப் பிடித்ததா என்பதை வைத்து நீதிபதியின் நடுநிலையை அளக்கிற பழக்கமும் ஒரு முரண்பட்ட நலன்தான். வழக்காளி தானே நீதிபதியாகவும் அமர்ந்து நீதிபதியை விசாரிக்கிறான்.

சூறா நிஸாவின் 105ஆம் வசனத்தையொட்டி முபஸ்ஸிரீன்கள் சொல்லும் சம்பவம் இதற்காகவே சொல்லப்பட்டதுபோல் தோன்றும். மதீனாவில் முஸ்லிம் குடும்பமொன்றைச் சேர்ந்த ஒருவர் கவசமொன்றைத் திருடிவிட்டுப் பழியை ஒரு யூதர் மேல் போடுகிறார். கோத்திரத்தார் திரண்டுவந்து தமது ஆளுக்காக நபி (ஸல்) அவர்களிடம் பரிந்து பேசுகிறார்கள். இறங்கிய வசனங்களோ யூதரின் பக்கம் நின்று, மோசடிக்காரருக்காக வாதாடவேண்டாம் என்று எச்சரித்தன. அந்தக் கோத்திரத்தார் கெட்டவர்களென்று எவரும் சொல்வதில்லை. தம்மவர் என்ற பாசம் அவர்களை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஷிராணி பண்டாரநாயக்கவின் கதை இன்னும் சிக்கலானது. அதனால்தான் அது இந்தக் கேள்விக்கு மிகப் பொருத்தமானது. 1996இல் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே உயர் நீதிமன்றத்துக்கு வந்த முதற் பெண் நீதியரசர் அவர். 2010இல் 18ஆவது திருத்தச் சட்டமூலம் அவசர சட்டமூலமாக நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. ஜனாதிபதியின் பதவிக்கால வரையறையை நீக்கி, நீதியரசர் நியமனங்களை நடைமுறையில் அவர் ஒருவரின் விருப்பத்துக்கு விடுவதே அதன் சாரம். அதற்கு மக்கள் தீர்ப்பு தேவையில்லை என்று முடிவு செய்த ஐவர் குழாமுக்குத் தலைமை தாங்கியவர் ஷிராணி. அவ்வேளையில் அவரது கணவர் அதே அரசாங்கத்தின் நியமனத்தில் தேசிய சேமிப்பு வங்கியின் தலைவராக இருந்தார். செப்டம்பர் 8ஆந் திகதி 161 வாக்குகளால் அது சட்டமானது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து எழுந்து அதற்கு ஆதரவாகவே வாக்களித்தது. 2011 மே மாதத்தில் ஷிராணி பிரதம நீதியரசரானார். 2012இல் ‘திவிநெகும’ சட்டமூலத்தில் அரசாங்கத்துக்கு விருப்பமில்லாத வியாக்கியானத்தை அவரது குழாம் கொடுத்ததும், 117 உறுப்பினர்களின் கையொப்பத்தோடு குற்றப் பிரேரணை வந்தது. 2013 ஜனவரி 11ஆந் திகதி 155க்கு 49 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. தெரிவுக்குழுவின் முடிவு செல்லாதென்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னரே தீர்த்திருந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை.

நிரூபணமாயின என்று தெரிவுக்குழு சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்றைப் பாருங்கள். கணவருக்கு எதிரான இலஞ்ச வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் இருக்கின்றது. நீதவான்களின் இடமாற்றமும் ஒழுக்காற்றும் மனைவி தலைமை தாங்கும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில் இருக்கின்றது. ஆகவே அவர் பதவியில் இருக்கத் தகாது. யோசித்துப் பார்த்தால் இது வலுவற்ற வாதமல்ல. ஆனால் இந்த முரண்பட்ட நலனுக்குத் தீர்ப்புச் சொன்ன எழுவரும், எந்த அரசாங்கம் அவரது வியாக்கியானத்தால் கோபம் கொண்டதோ அந்த அரசாங்கத்தின் ஆட்கள்! கணவரை வங்கித் தலைவராக்கியதும் அதே அரசாங்கம். 18ஆவது திருத்தத்தின்போது அந்த நியமனம் ஒருவருடைய கண்ணையும் உறுத்தவில்லை. கட்டிவைத்த கயிறு இழுக்கும் நாள் வரை கயிறாகத் தெரிவதில்லை. இதன் பிறகு, சட்டமா அதிபராகவும் அமைச்சரவையின் சட்ட ஆலோசகராகவும் இருந்த மொஹான் பீரிஸ் பிரதம நீதியரசரானார். 2015 ஜனவரியில் புதிய அரசாங்கம் அவரது நியமனம் ஆதியிலிருந்தே இல்லாதது என்று கடிதமொன்றால் முடித்துவைத்தது. ஷிராணி ஒரு நாள் ஆசனத்தில் அமர்ந்து ஓய்வுபெற, கே. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் ஒரு பிரதம நீதியரசரைக் கடிதத்தால் இல்லாமற் செய்யலாம் என்ற வழி நல்ல வழியல்ல. நல்லவர்கள் திறந்த கதவால் கெட்டவர்களும் வரலாம்.

எமது பழைய கிதாபுகள் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கின்றன. ஷாபி மத்ஹபைப் பின்பற்றும் எமது மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் காழியைப் பற்றிய பகுதியைப் புரட்டிப் பாருங்கள். தனக்காகவும் பெற்றோர் பிள்ளைகளுக்காகவும் சொத்துப் பங்காளிக்காகவும் காழி அளிக்கும் தீர்ப்பு நிறைவேறாது, வேறொருவர் கேட்கவேண்டும். வழக்குள்ளவனிடமிருந்து அன்பளிப்பு வாங்குவது ஹராம். வழக்கில்லாவிட்டாலும், பதவிக்கு முன்னர் கொடுத்துப் பழகாதவன் இப்போது கொடுத்தால் அதுவும் ஹராம். ஹொஃப்மன் பிரபுவின் வழக்குக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர், ஹிஜ்ரி 676இல் மரணித்த ஒருவர் எழுதியது இது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, பலர் மேலோட்டமாகக் கடந்துபோகும் ஒரு சிறிய சட்டம்: நியமித்த இமாம் மரணித்தால் காழி பதவியிழக்கமாட்டார். ஒருவர் தமக்காக நியமித்த வகீல், அவர் இறந்ததும் வகீலாக இருக்கமாட்டார். காழி அப்படியல்ல. ஆட்சியாளரின் கையால் நியமிக்கப்பட்டாலும் அவர் ஆட்சியாளரின் வகீல் அல்லர். அவர் பார்ப்பது முஸ்லிம்களின் காரியம் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதாவது நியமனம் ஒரு கொடையே அல்ல. கொடுத்தவர் தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைத்தான் கொடுத்தார். தபாற்காரன் கொண்டுவந்து தந்த மணியோடருக்குத் தபாற்காரனிடம் யாரும் கடன்படுவதில்லை. நன்றிக்கடன் என்ற முடிச்சை அவிழ்க்க இதைவிடத் தெளிவான வழியொன்றை நான் எங்கும் வாசிக்கவில்லை.

இப்படிச் சட்டம் எழுதியவர்களுக்கும் மனித மனம் சட்டத்துக்கு அடங்காது என்பது தெரிந்தேயிருந்தது. இமாம் அபூஹனீபா (ரஹ்) கலீபா மன்சூர் தந்த காழிப் பதவியை மறுத்துச் சிறையிலடைபட்டார். ஹிஜ்ரி 150இல் பக்தாதில் மரணித்தார். தான் தகுதியற்றவன் என்று சொன்னபோது, பொய் சொல்கிறீர் என்றாராம் கலீபா. அப்படியானால் பொய்யனைக் காழியாக்கலாமா என்று கேட்டாராம் இமாம். இந்தக் கதையை எமது பயான்களில் சிரிப்போடும் பெருமையோடும் சொல்வார்கள். ஆனால் எல்லோரும் அபூஹனீபாவாகிவிட்டால் வழக்குகளை யார் கேட்பது? அவரது மாணவர் அபூயூசுப் (ரஹ்) ஹாரூன் ரஷீதின் கீழ் தலைமைக் காழியானார். குருவின் கதை சொல்லப்படும் அளவுக்குச் சீடரின் கதை சொல்லப்படுவதில்லை. மரணத் தறுவாயில் அவர் அழுததாக ஹனபி நூல்களில் ஒரு செய்தி வருகின்றது. ஒரு கிறிஸ்தவர் கலீபாவுக்கு எதிராக வழக்குக் கொண்டுவந்திருந்தார். இருவரையும் சமமாக அமரவைக்க அபூயூசுபால் முடியவில்லை. தீர்ப்பைக் கலீபாவுக்கு எதிராகத்தான் அளித்தார். ஆனாலும் மனம் ஒரு பக்கம் சாய்ந்ததே என்பதுதான் அவரது கவலை. சரியான தீர்ப்பை அளித்துவிட்டும் ஆசனங்களுக்காக அழுத மனிதர்! ‘தீர்ப்பு சரிதானே, பிறகென்ன’ என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

நன்றியைவிட ஆபத்தானது எதிர்பார்ப்பு. கிடைத்துவிட்ட பதவிக்கான நன்றி நாளாக நாளாகத் தேய்ந்துபோகும். கிடைக்கப்போகும் பதவி ஓய்வுநாள் நெருங்க நெருங்கத்தான் பெரிதாகத் தெரியும். இந்தியாவில் 2019 நவம்பர் 9ஆந் திகதி பாபர் மசூதி வழக்கில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் அம்மாதமே ஓய்வுபெற்றார். நான்கு மாதங்களில், 2020 மார்ச்சில், மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். ஐவரில் ஒரேயொரு முஸ்லிமான அப்துல் நஸீர் 2023 ஜனவரியில் ஓய்வுபெற்று, அடுத்த மாதமே ஆந்திரப் பிரதேச ஆளுநரானார். பதவிக்காகவே அப்படித் தீர்ப்பளித்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை, சொல்வது அவதூறாகும். ஆனால் மசூதியை இழந்த சமூகத்திடம், அந்தப் பதவிகளைப் பார்த்துவிட்டும் சந்தேகப்படாதே என்று கேட்பது நியாயமா? இந்தப் பதவிகளை அவர்கள் வேண்டாமென்று சொல்லியிருந்தால் தீர்ப்பின் ஒரு சொல்லும் மாறியிருக்காது. அதை வாசிக்கும் கண் மாறியிருக்கும். எமது நாட்டிலும் ஓய்வுபெற்ற நீதியரசர்கள் தூதுவர்களாகவும் ஆலோசகர்களாகவும் போவதைக் கண்டுவருகிறோம். எகிப்தின் காழியாக இருந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்), அரசின் பணத்தில் வாங்கப்பட்ட அடிமைகளான அமீர்கள் ஏலத்தில் விற்கப்பட்டே விடுதலையாகவேண்டும் என்று தீர்த்தார். அது எடுபடாதபோது மூட்டையைக் கட்டிக்கொண்டு கெய்ரோவை விட்டுப் புறப்பட்டார். சுல்தானே பின்னால் வந்து அழைத்துப் போகவேண்டியதாயிற்று. போய்விடத் தயாராக இருந்தவர் என்பதாலேயே அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு மனிதரின் ஈமானில் மட்டும் இதை விட்டுவிட முடியாது என்பதற்காகத்தான் அரசியலமைப்புப் பேரவை போன்ற ஏற்பாடுகள் வந்தன. 2001இல் 17ஆவது திருத்தம் அதைக் கொண்டுவந்தது, 2010இல் 18ஆவது அதை அழித்தது, 2015இல் 19ஆவது மீட்டது, 2020இல் 20ஆவது மறுபடி அழித்தது, 2022இல் 21ஆவது மறுபடி மீட்டது. ஒரு நாடு தன் நீதியரசர்களை எப்படித் தெரிவது என்பதை இருபது வருடங்களில் ஐந்து தடவை மாற்றியிருக்கிறது! பேரவையால் பயனுண்டு என்பதற்கு 2018ஐக் காட்டலாம். ஒக்டோபர் 12ஆந் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பேரவையின் அங்கீகாரத்தோடு நளின் பெரேராவைப் பிரதம நீதியரசராக நியமித்தார். நவம்பர் 9ஆந் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13ஆந் திகதி நளின் பெரேரா தலைமையிலான எழுவர் குழாம், அந்தக் கலைப்பு சட்டவிரோதமானது என்று ஏகமனதாகத் தீர்த்தது. நியமனத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் இரண்டே மாதங்கள்! கடன் பத்துப் பேருக்குப் பிரிந்துபோனால் யாருக்கும் பெரிதாகப் பாக்கியிருப்பதில்லை.

இதையெல்லாம் அறிந்துகொண்டும், 2020 ஒக்டோபர் 22ஆந் திகதி 20ஆவது திருத்தத்துக்கு எம்மவர்களான எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் ஆதரவாகக் கையுயர்த்தினார்கள். எமது ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஜனாஸாவை அடக்க அனுமதி கிடைக்குமென்று நம்பியே வாக்களித்தோம் என்று பின்னர் கதை சொன்னவர்களும் உண்டு. நீதிமன்றத்தை ஆட்சியாளரின் கையில் கொடுத்துவிட்டு ஆட்சியாளரிடம் சலுகை கேட்பது என்ன வியாபாரம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எரிப்புக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பர் முதலாந் திகதி உயர் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால், விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. காரணங்கள் எவையும் தரப்படவில்லை. அந்த நீதியரசர்களின் நேர்மையை ஐயுற என்னிடம் எதுவுமில்லை. ஆனால் காரணம் எழுதப்படாத இடத்தை மக்கள் தமது காரணங்களால் நிரப்புகிறார்கள். நியமனம் பெற்ற ஒரு நீதிபதி தனது நடுநிலையைக் காட்டத் தன் கையில் உள்ள ஒரே பொருள் எழுதப்பட்ட நியாயம்தான். அது பிழையாக இருந்தாலும் வாசித்து மறுக்கலாம். மௌனத்தை எப்படி மறுப்பது? தொட்டிலிலிருந்து தூக்கிச் சென்ற குழந்தை ஏன் சாம்பலாக்கப்பட்டது என்று பெற்றோர் கேட்டால் வாசித்துக் காட்ட ஒரு பந்திகூட இல்லை.

கொழும்பைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் எமது முற்றத்தையும் பார்க்கவேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிபதியை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. சட்டத்தின்படி அவர் ஆணாக இருக்கவேண்டும், நன்னடத்தையும் தகைமையும் உள்ளவராக இருக்கவேண்டும். ஆனால் ஊரில் புதுக் காதி வந்ததும் கேட்கப்படும் முதற் கேள்வி, அவர் என்ன படித்திருக்கிறார் என்பதல்ல. அவர் யாருடைய ஆள், எந்தக் கட்சிக்குத் தேர்தலில் ஓடித்திரிந்தவர் என்பதே. சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் அமைக்கப்பட்டு, அறிக்கை தர 2018 வரை எடுத்தது. அந்த அறிக்கையைச் சுற்றி எழுந்த சண்டையில் பெண் காதியாகலாமா, திருமண வயது எத்தனை என்பவை பற்றி எவ்வளவோ எழுதினோம், எழுதவும் வேண்டும். ஆனால் காதி தனது மச்சானின் வழக்கைக் கேட்கலாமா, பள்ளிவாசல் நிருவாகத்தில் தன்னோடு அமர்ந்திருப்பவரின் மகனுடைய வழக்கைக் கேட்கலாமா என்பதற்கு மின்ஹாஜில் தெளிவாகச் சொல்லப்பட்டதைக்கூட எடுத்துப் பேசியவர்கள் மிகச் சிலரே. எல்லோரும் எல்லோருக்கும் உறவான சிறிய ஊர்களில் இது சங்கடமான பேச்சு என்பதை நான் அறிவேன்.

தாபரிப்புக் கேட்டு ஒரு பெண் கைக்குழந்தையோடு காதியின் வீட்டுக்கு வருகிறாள். பெரும்பாலான ஊர்களில் வழக்கு நடப்பது அவரது வீட்டிலோ பாடசாலை வகுப்பறையிலோதான். அவள் சட்டம் படித்தவளல்ல. படலையைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது காதியின் முகத்தையல்ல. விறாந்தைக் கதிரைகளில் ஏற்கனவே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் யார் யார் என்பதை.